வண்டியைத் திருப்பி நிறுத்தவும்

எவெலியோவின் வண்டிக்குப் பின்னால் போகத் தெரியாது.
ரிவர்ஸ் கியர் போய் ஏழு மாதம்.
"எரிமலைக்குத்தானே, முன்னால் போனால் போதுமே"
என்று சாவியைத் தூக்கிப் போட்டான் மைத்துனன்.

மசாயாவில் மலையுச்சி வரை தார்ச்சாலை.
இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல்
நெருப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.
நுபியாவின் ஒரு தொடையில்
வாழையிலையில் கட்டிய சோளப் பொட்டலங்கள்,
மறுதொடையில் பத்து மாத நோர்லான்.
வியாழக்கிழமையிலிருந்து நானும் அவளும்
உப்பு, துண்டு, கதவைச் சாத்து
என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

யெல்பாதான் ஓயவில்லை.
மலைக்குத் தொண்டை உண்டா?
விழுங்குமா, துப்ப மட்டும்தான் தெரியுமா?
உள்ளே மழை பெய்தால் யாருக்கு வலிக்கும்,
மழைக்கா, நெருப்புக்கா?
இந்தக் கறுப்புக் கல்லெல்லாம் ஓடி வந்தபோது மணி என்ன?
தெரியாது என்றேன். யாருக்குத் தெரியும்?
மேலே காவலர் இருப்பார் என்றேன்.
அதில் ஒரு கிலோமீட்டர் அமைதி கிடைத்தது.

உச்சியில் ஒரு பலகை:
வண்டிகளைச் சாலை பார்க்கத் திருப்பி நிறுத்தவும்.
மூக்கை மலைக்குள் நீட்டியபடி நின்ற எங்கள் வண்டியிடம்
விசிலோடு வந்தார் காவலர்.
கியர் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
"தள்ளுங்கள்" என்றார்.

குழந்தையை இருக்கையில் கிடத்திவிட்டு
நுபியாவும் இறங்கினாள்.
ஐஸ் விற்கிறவன் ஒரு பக்கம்,
வெள்ளைச் சப்பாத்து போட்ட வெளியூர்க்காரர் இருவர்,
நடுவில் என் தோளை உரசிக்கொண்டு அவள் தோள்.
"இடது. இடது. ஐயோ, இடதுன்னா தெரியாதா?"
நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய
நீளமான வாக்கியம் அது.

"ஏன் திருப்பணும்?"
"அவசரமாய்க் கிளம்ப வேண்டி வந்தால்" என்றார் காவலர்.
"யாரு?"
"எல்லாரும்தான்."
யெல்பா வண்டியைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள்.
பிறகு என்னைக் கேட்டாள்:
"அப்போ ஏன் கூட்டிட்டு வந்தே?"

அவள் பிறந்த நாளிலிருந்து
மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறவன் நான்.
அதை எப்படிச் சொல்வது ஒரு ஏழு வயதிடம்?
ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடம்தான் அனுமதி.
சுவரோரம் நின்றோம்.
தீப்பெட்டிக்குள் மூக்கை விட்ட வாடை.
மாடியில் யாரோ கட்டில் நகர்த்துகிற சத்தம்,
ஆனால் காலுக்குக் கீழே.
இரண்டு நிமிடம் வெறும் வெள்ளைப் புகை.
மூன்றாவதில் காற்று ஒருபக்கம் சாய்ந்தது.
சிவப்பு.
பெரிதாக ஒன்றுமில்லை, அடுப்பின் இடுக்கில்
தெரியுமே, அவ்வளவுதான்.
நுபியா என் சட்டைக் கையைப் பற்றியிருந்தாள்.
பற்றியது அவளுக்குத் தெரியுமா என்று
திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

யெல்பா கீழே பார்க்கவே இல்லை.
எதிர்ப் பாறையில் பச்சைக் கிளிகள்,
புகைக்குள் நுழைந்து நுழைந்து
பொந்துகளில் மறைந்துகொண்டிருந்தன.
"அதுங்க இருமாதா?"
"பதினோரு வருஷமா நிற்கிறேன். கேட்டதில்லை."
"உள்ளே போனதும் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும்?"
காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
யோசித்தார். எங்கள் நேரம் முடிந்து
இன்னொரு குடும்பத்தின் நேரமும்
கொஞ்சம் போயிருக்கும்.
"வெளியே பார்த்துத்தான்" என்றார்,
"அப்படித்தான் இருக்கணும்."

வழியில் பொட்டலம் பிரித்துத் தின்றோம்.
யெல்பா கேள்வி எதுவும் கேட்கவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரவு கதவைச் சாத்தப் போனேன்.
வாசலில் எல்லோருடைய செருப்பும்
வரிசையாக, தெருவைப் பார்த்து.
நுபியாவுடையது. என்னுடையது. அவளுடையது.
கடைசியில், நிற்கக்கூடப் பழகாத நோர்லானின்
துணிச் சப்பாத்து இரண்டும்.

பின்னால் நுபியா வந்து நின்றாள்.
என் இடது செருப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது.
கால் விரலால் தள்ளி
நேராக்கினாள்.