கண்டெடுத்த பொருட்கள் பதிவேடு

புல்மோட்டை பஸ்ஸின் பின் சீட்டில் கிடந்ததென்று
றிஸ்கான் கொண்டுவந்து மேசையில் போட்டான்.
குடை என்றால் நிறம் எழுதுவேன்.
சாப்பாட்டுப் பெட்டி என்றால் மூடி உண்டா இல்லையா.
புத்தகம்: ஒன்று. மட்டை: சாம்பல்.
பக்கங்கள் என்ற இடத்தில் பேனை நின்றது.
ஒன்று, இரண்டு, எண்பத்தெட்டு,
மூன்று, மறுபடி எண்பத்தெட்டு,
கடைசித் தாளிலும் எண்பத்தெட்டு.
எழுதிய வரியை வெட்டிவிட்டு
லாச்சிக்குள் வைத்தேன்.

பதினேழு வருடமாய் டைம் கீப்பர்.
கிண்ணியா ஆறு ஐந்து, மூதூர் ஆறு இருபது,
கந்தளாய் ஆறே முக்கால், டிரைவர் வந்தால்.
முந்தினது முந்திப் போகும், பிந்தினது பிந்தி.
இதைவிட வேறு இலக்கணம் நான் படித்ததில்லை.

கடைசி பஸ்ஸும் போனபின்
சும்மா திறந்தேன்.
முதல் வரியில் ஒருத்தி கதவைத் தட்டுகிறாள்.
முற்றுப்புள்ளி இல்லை.
மூச்சுவிட இடம் தேடிப் பதினோரு பக்கம் ஓடினேன்.
அவள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.
பன்னிரண்டாம் தாளில் செத்த தியோகு
பதினாறாம் தாளில் பல் துலக்குகிறான்.
அடிக்குறிப்பு ஒன்று வளர்ந்து வளர்ந்து
கதையை மேல் விளிம்போடு நசுக்கி வைத்திருக்கிறது.
பிறகு மூன்று பக்கம் வெறும் வெள்ளை.
லைட்டில் பிடித்துப் பார்த்தேன், விரலை நனைத்துத் தேய்த்தேன்.
முதலில் அச்சகத்தைத் திட்டினேன்,
எழுதினவனை அதற்குப் பிறகு.

இரவில் மான்கள் ஸ்டாண்டுக்கு வரும்
டிக்கட் துண்டு மெல்ல.
தேத்தண்ணி எடுக்கப் போய்த் திரும்புமுன்
ஒரு பெட்டை மான் ஒரு தாளை உருவிவிட்டது.
துரத்தவில்லை.
அந்தத் தாள் போனதால் கதையில் குறைவு வந்ததா என்று
எவ்வளவு தேடியும் தெரியவில்லை.
அதில்தான் கோபம் வந்தது.
இரண்டு நாள் லாச்சியைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பென்சிலோடு வந்தேன்.
ஓரத்தில் நேரம் குறித்தேன்:
தட்டல், ஆறு ஐந்து.
தியோகு சாவு, ஆறு இருபது.
தியோகு பல் துலக்கல்,
நேற்று?
அழித்தேன். தாள் தேய்ந்து ஓட்டையானது.

அந்தக் கிழமை மாரி பிடித்தது. வெள்ளம்.
நேற்று வரவேண்டிய மூதூர் பஸ்
இன்றைக்கு வந்து, நாளைக்குப் போகும் சனத்தை ஏற்றிற்று.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு சத்தமாய் வாசித்தேன்.
வெள்ளைப் பக்கங்கள் வந்தபோது
வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்,
பக்கத்துக்கு இரண்டு நிமிடம்,
அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.
தகரத்தில் மழை. துறைமுகப் பக்கம்
ஏதோ கப்பலின் எஞ்சின்.
ஆறு நிமிடம் முடிய அடுத்த பக்கத்தில்
அவள் தட்டலை நிறுத்தியிருந்தாள்.
எனக்கு முதுகு சிலிர்த்தது.

விடிய ஒலிபெருக்கியில்
எண்பத்தெட்டாம் இலக்க பஸ் புறப்படப் போகிறது என்றேன்.
எங்களிடம் அப்படி ஒரு பஸ் இல்லை.
ஐந்து பேர் பையோடு எழும்பினார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பிள்ளை வந்தாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
புத்தகமொண்டு விட்டிட்டன் அண்ணா, சாம்பல் மட்டை.
பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன்:
குடை மூன்று, ஒற்றைச் செருப்பு, மீன் கூடை,
வெட்டிய வரி ஒன்று.
அப்படி ஒன்றும் பதியப்படவில்லை என்றேன்.
பொய்யில்லை.

பரவாயில்லை, என்றாள் போகத் திரும்பி,
எண்பத்தெட்டாம் பக்கத்தோடதான் நிண்டனான்.

எந்த எண்பத்தெட்டு, என்றேன்.