பிடியரிசிக் கணக்கு

நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குச்
சபை வரலாறு எழுதச் சொன்னார்கள்.
நான்கு பக்கம். படம் போக மூன்று.
முதல் பக்கம் சுலபம்:
ஓலைக் கொட்டகை, அது தீப்பிடித்தது,
கருப்பட்டித் தண்ணீர் குழைத்த சுண்ணாம்பில்
சுவர் எழும்பியது,
மிஷனெரி ஐயா கொளச்சலில் கப்பலேறிப் போனது.

பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.
செல்லரித்தது போக மிஞ்சிய நடபடிப் புத்தகத்தில்
கொல்லம் 1043, மேடம், ஒரு வரி:
"மோட்சம், ஓய்வுநாளில் அக்கானி காய்ச்சினபடியால்
நீக்கம்."
காஞ்சிரவிளைச் சபையிலிருந்து
மோட்சம் நீக்கம்.
சிரித்துவிட்டேன். கோயில்குட்டியார் எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை அந்திக்குக் கலயம் கட்டினால்
ஞாயிறு விடிய இறங்கத்தானே செய்யும்.
ஆராதனை முடியும்வரை புளிக்காமல் காத்திருக்க
அக்கானி என்ன
பத்துக் கட்டளை படித்ததா?
இதை மலரில் எழுத முடியாது.

அடுத்த வாரமே தொடங்குகிறது
பிடியரிசிக் கணக்கில் புதிதாக ஒரு வரி.
மற்றப் பெண்டுகளுக்கெல்லாம் பேர் உண்டு:
ஞானப்பூ கால் நாழி, சொர்ணபாய் அரை நாழி,
வேதக்கண் பாக்கி.
கடைசியில்
"வெளியே நின்றவள். நாழி ஒன்று."

வாரம் தவறாமல்.
இல்லை, இரண்டு வாரம் விட்டிருக்கிறது, வைசூரிக் காலம்.
முப்பத்தோரு வருஷம்.
உபதேசிமார் ஆறுபேர் மாறினார்கள்.
ஆறு கையெழுத்திலும் அவள்
வெளியேதான் நின்றாள்.
கூட்டிப் பார்த்தேன்:
நாற்பது பறை, இரண்டரை இடங்கழி.

அவள்தான் இவள் என்று
நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
வேறு யாராகவும் இருக்கலாம்.
வெளியே நிற்க அந்தக் காலத்தில்
ஆளுக்கா பஞ்சம்?

கோபுரத்து மணியில்
சீமை நகரம் ஒன்றின் பேரும்
ஒரு துரைசானியின் பேரும் வார்த்திருக்கிறது.
அவர்கள் தந்ததென்றே
ஓய்வுநாள் பள்ளியில் நானும் படித்தேன்.
கணக்கில் இருப்பது:
"மணிக் கிரயத்தில் பாதி, பிடியரிசி விற்ற வகை."

கமிட்டியில் வாசித்தேன்.
பொருளாளர் ஜஸ்டஸ் தொண்டையைச் செருமினார்.
"அவ குடும்பம் இப்ப யாரு?
நம்ம சபையா, பெந்தெகொஸ்தேயா?"
அதற்குள் பேச்சு
அட்டைப்படத்துக்குப் போய்விட்டது.

நாலாம் பக்கத்தில்
ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மேலே
இரண்டு வரிக்கு இடம் இருந்தது.
1074, இடபம், ஒரு ஞாயிறு,
கூட்டுத்தொகைக்குக் கீழே
உபதேசியார் மாசில்லாமணி எழுதியதை
அப்படியே போட்டேன்:
"இன்று ஒரு நாழி குறைவு.
வாசலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன்."