ஃபுல் வாஷ்

புளியரை எஸ் வளைவு இறங்கிவரும் லாரிகளில் பாதி
என் சாய்தளத்தில் ஏறித்தான் இறங்கும்.
முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவது
சாமி பெயர், பிள்ளைகள் பெயர், எலுமிச்சம்பழம்.
நான் அடியில் நின்று பார்ப்பவன்.
எந்த வண்டி எங்கே போய் வந்தது என்பதை
பட்டைகளின் இடுக்கு சொல்லிவிடும்.
வைக்கோல் இருந்தால் மாட்டுப்பண்ணை.
செம்மண் அப்பியிருந்தால்
புனலூரில் யாரோ வீடு கட்டுகிறார்கள்.
மீன் வண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்,
மூன்று நாளைக்கு அது என் சோற்றிலும் இருக்கும்.

மசூது அண்ணாச்சி வந்தது ராத்திரி பதினொன்றரைக்கு.
பத்து வீல். பின்பலகையில் பச்சை எழுத்தில்
'பொறுமை' என்று மட்டும்.
"ஃபுல் வாஷ் போடு வே."
"எங்க லோடு அண்ணாச்சி?"
"லோடு இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"காலைல தென்காசி யார்டுல விடணும். ஏழு டியூ."

மோட்டாரை நிறுத்தினேன்.
யார்டுக்குப் போகிற வண்டியை
இதுவரை யாரும் கழுவக் கொண்டுவந்ததில்லை.
நல்ல டயரைக் கழற்றி மொட்டை டயர் போடுவார்கள்.
பேட்டரி மாறும்.
ஸ்டெப்னி மச்சான் வீட்டுக்குப் போய்விடும்.
ஒருத்தர் ஹாரனையும் கழற்றிக்கொண்டு
தென்காசி வரை வாயாலேயே
ஒலியெழுப்பிப் போனதாகச் சொல்வார்கள்.
"எதுக்கு அண்ணாச்சி தெண்டச் செலவு?"
"அழுக்கா விட்டா
வண்டி வச்சிக்கத் தெரியாதவம்னு நெனைப்பான்."

பிறகு நான் பேசவில்லை.
டீசலில் பிரஷ்ஷை முக்கி ஹவுசிங்கைத் தேய்த்தேன்.
கிரீஸும் மண்ணும் கெட்டித்துப்போன இடங்களில்
திருப்புளியால் சுரண்டினேன்.
சேசிஸ் நம்பர்
ஆறு வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தது,
ஒவ்வோர் எண்ணும் நேற்று அடித்ததுபோல.
நாளைக்குப் பென்சில் தேய்த்து
எடுக்கிறவனுக்கு வேலை மிச்சம்.

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேபினில் ஏறினார்.
மிதியடிக்குக் கீழே ரப்பர் விதை மூன்று,
ஒரு எடைமேடைச் சீட்டு,
நான் அடித்த தண்ணீர் புகுந்து
கூழாகிக்கொண்டிருந்த கேரளா லாட்டரி.
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஓரத்தில் இரண்டு எழுத்து மிச்சம்.
நம்பரைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.
என் தண்ணீர்தான்.
"தேதி தாண்டியிருக்கும்" என்றார்.
"தாண்டியிருக்கும்" என்றேன்.
தேதி இருந்த இடமும் வெள்ளையாகத்தான் இருந்தது.
காயட்டும் என்பதுபோல டேஷ்போர்டில் ஒட்டினார்.
சற்றுப் பொறுத்து
நகத்தால் உரித்து எடுத்துவிட்டு
அந்த இடத்தையும் துடைத்தார்.

வடிகால் குழியை மாதம் ஒருமுறை அள்ளுவேன்.
கொல்லம் மாவட்டம் அதில்
முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது,
பாஸ் இல்லாமல், எடை போடாமல்,
எந்தச் செக்போஸ்ட்டும் கை காட்டி நிறுத்தாமல்.
அன்றைக்கு மட்டும் நான்கு சட்டி.

மூன்று மணி ஆயிற்று.
ஆயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தார்.
இருநூறைத் திருப்பி நீட்டினேன்.
"இங்கயும் பாக்கி வைக்கச் சொல்லுதியா?"

கிளப்பும்போது மலைப் பக்கமிருந்து சாரல் தொடங்கியது.
செங்கோட்டை தாண்டுவதற்குள்
மட்காட் வரைக்கும் சேறு ஏறிவிடும்.
அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.
"பனியன் துணி அரைக்கிலோ குடு வே.
யார்டு வாசல்ல ஒருக்க துடைக்கணும்."

துணிக்கும் இருபது ரூபாய்.
நாலு ஐந்து ரூபாய் நாணயம்,
எல்லாம் ஈரம்.