காலம் எண் ஏழு

ரினீவல் படிவத்தில் பதினோராவது கேள்வி:
கடந்த மூன்றாண்டுகளில் தங்கள்மீது
ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் உண்டா?
ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.

எழும்பூர், ஐந்தாம் மாடி.
மின்விசிறி படிவத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
எப்சிபா கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.
"ஒரு கோடுதான் மேடம். எல்லாரும்
'ஆம்'மை அடிச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

அடிக்கலாம்.
நடவடிக்கை ஏதும் இல்லை, உண்மைதான்.
கேள்வி அதை மட்டும்தான் கேட்கிறது.

சைட்டில் தூணைக் காலம் என்பார்கள்.
ஆங்கிலம் சிமெண்டுத் தண்ணீரில் ஊறி அப்படி ஆகிவிட்டது.
காலம் போட்டாச்சு, என்பார்கள் டீ கிளாஸை வைத்துக்கொண்டே.
காலம் லேசா சாஞ்சிருக்கு, பூச்சுல சரி பண்ணிக்கலாம்.
காலத்துக்குத் தண்ணி காட்டினியா இல்லையா?
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதற்கெல்லாம் சிரித்திருக்கிறேன்.

நாராயணபுரம் ஏரிக்குப் பின்னால், பிள்ளையார் சந்தில்,
கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி.
பத்தடி தோண்டினாலும் கறுப்புக் களிமண்.
காலம் எண் ஏழு வார்த்த அன்று
நான் அங்கே இல்லை.
கம்பியை எண்ண வேண்டியவள்
டெங்கு வார்டில் மகனின் பிளேட்லெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினம் ஃபைலோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார்,
இரண்டு இளநீரும் வாங்கிக்கொண்டு.
பையனை நலம் விசாரித்தார். நிஜமாகவே விசாரித்தார்.
"நேரில் ஆய்வு செய்தேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே
இடம் காலியாக இருந்தது.
சீல் என் கைப்பையில்தான் எப்போதும்:
என் பெயர், பதிவு எண், முதல் நிலை.
முப்பது கிராம்கூட இராது அந்த ரப்பர்.
இப்போது அதன்மேல் எட்டுக் குடும்பம்.

கார்த்திகையில் வங்கக்கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் என்றால்
ஊர் பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் ஓடும்.
வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி வரிசையாக நிறுத்துவார்கள்.
என் கார் மட்டும்
அவர்களைத் தாண்டி இறங்கிப் போகும்.

போன மழையில் தில்ஷாத் பிடித்துக்கொண்டாள்.
முதல் மாடி, துணி எடுக்க வந்தவள்.
"யாரைப் பாக்கணும்?"
வீடு, என்றேன். வாடகைக்கு.
"மேல ஒண்ணு காலி. நனையாம வாங்க."

சமையலறை காட்டினாள். லாரித் தண்ணீரின் கணக்குச் சொன்னாள்.
அட்வான்ஸ் ஆறு மாசம், பேசினால் ஐந்து.
நான் உத்தரத்தை விரல் முட்டியால் தட்டினேன்,
சுவரில் காதை வைத்தேன்.
"இப்படி வீடு பாக்கறவங்கள நான் பாத்ததே இல்லக்கா,"
என்று சிரித்தாள். டீ போட்டுத் தந்தாள்.
அந்த டீயைக் குடித்தேன்.

கீழே, ஏழாம் எண்ணின்மேல்
கரியால் கிழித்த மூன்று ஸ்டம்ப்.
பந்து பட்டால் டொக் என்கிறது, அவுட் என்கிறார்கள்.
இடுப்புயரத்தில் முடியளவு ஒரு விரிசல்.
பூச்சில் மட்டுமா, உள்ளேயுமா?
சோதனைச் சுத்தியல் சொல்லிவிடும்.
சுத்தியலோடு போனால்
நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும்.

"மேடம்?"
எப்சிபாவின் சாப்பாட்டுப் பை மேசைக்கு வந்துவிட்டது.
தனித்தாள் இணைக்கலாமா, என்கிறேன்.
"பதினொண்ணுக்கா? அதுக்கு யாரும் இணைச்சதில்லையே."
தேடி, பழைய சுற்றறிக்கை ஒன்றின்
எழுதாத பக்கத்தைத் தருகிறார்.
"எழுதி வைங்க. ரெண்டு மணிக்கு மேல வாங்கிக்கறேன்.
பேனாவ மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

பிள்ளையார் சந்து. கதவிலக்கம். தேதி.
தூண் என்று எழுதுகிறேன்.
அடித்துவிட்டு,
காலம்.