இரண்டு வயதும் பதினொரு நாளும்

இரவு பத்தரை.
கடலோரமாய் ஒரு ரயில் போய் முடிந்தது.
யன்னல் கண்ணாடி இன்னும் மெல்ல நடுங்குகிறது.
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்,
பிள்ளைகள் உறங்கிய பிறகுதான்
எதையும் தீர்மானிக்க முடிகிறது.

தண்ணீர் பில்லைப் புரட்டிப்போட்டு
கஜமுகன் நடுவில் கோடு கிழிக்கிறான்.
இடப்பக்கம் கார். வலப்பக்கம் பிளேன்.
மேலே, கொட்டை எழுத்தில், நிலாவெளி.

கார் என்றால் ஏழு மணித்தியாலம்.
அது போன் சொல்லும் கணக்கு.
போனுக்குப் பிள்ளைகள் இல்லை.
எங்கள் ஆரபிக்கு
வரக்காப்பொலையில் வயிறு புரளும்,
குருநாகலில் மூத்திரம் முட்டும்,
கலேவெலையில் தொடங்கும்
"வந்திட்டமா?"
அது கந்தளாய்க் குளம் வரைக்கும் ஓயாது.

பிளேன் என்றால் ஒரு மணித்தியாலமும் இல்லை.
ஆனால் இரத்மலானைக்குப் போய்ச் சேரவே
காலி வீதியில் முக்கால் மணி.
பிராமுக்கு இடமில்லையாம்.
சூட்கேஸைக் குளியலறைத் தராசில் வைத்தேன்,
பம்பர்ஸும் பால்மாவுமே பாதிப் பாரம்.
எங்கள் உடுப்பு, அந்தப் பாரத்தில்,
ஒரு மன்னிப்புக் கேட்கிற அளவு.

"ரெண்டு வயசுக்குக் கீழ எண்டால்
மடியில வச்சிருக்கலாம், காசில்லை"
என்று வாசித்தவன் நிறுத்துகிறான்.
இமயனுக்கு இரண்டு வயதும் பதினொரு நாளும்.
அந்தப் பதினொரு நாளை
இருவரும் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்க்கிறோம்.
பலூன் ஊதி, கேக் வெட்டி,
கைதட்டி நாங்களே வரவேற்ற
முழு ரிக்கற்.

"காரே போவம். பெற்றோல்தானே."
பெற்றோல்தானே என்று
எவ்வளவு லேசாகச் சொல்கிறான்!
ஆரபி பிறந்த வருடம்
ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கென்று
கால் டாங்கை மூன்று கிழமை தொடாமல்
காரைப் போர்த்து மூடிவைத்தவன்.

எனக்கு ஐந்து வயதில்
எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கோடு கிழித்ததில்லை.
கிழிக்க இரண்டு பக்கம் இருக்கவில்லை.
பாதை பூட்டியிருந்தது.
பாஸ் கிடைத்த கிழமை கப்பல் வந்தால் கப்பல்.
இருட்டில் ஏறி
திருகோணமலையில் இறங்கினோம்,
நாங்கள் இப்போது கடற்கரை விடுதி தேடுகிற
அதே திருகோணமலை.
பிறகு கொழும்புக்கு பஸ்.
மறித்த இடமெல்லாம் இறங்கினோம்.
ஹபரணைக்குக் கிட்ட ஒருவர்
என் பொம்மையின் வயிற்றை அமத்திப் பார்த்தார்.
அது பீப் என்றது.
அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
கஜமுகனும் அதே கடலால் வந்தவன்தான்,
வேறொரு மாதம்.
பேனையை மூடிக்கொண்டு கேட்கிறான்:
"நீ கப்பல்ல சத்தியெடுத்தனியோ?"
"காலைமட்டும்."
"நானும்."
"அப்ப ஆரபி ஆரைப்போல எண்டு
இனி மாமியிட்டக் கேக்கத் தேவையில்லை."
வாயைப் பொத்திச் சிரிக்கிறோம்,
அறைக்குள் ஒரு கட்டில் கிறீச்சிடுகிறது,
மூச்சை அடக்குகிறோம்.
இல்லை. புரண்டு படுத்திருக்கிறான்.

விடியப்புறம் மூன்று மணி என்று முடிவாகிறது.
தூக்கத்தோடு தூக்கி, லிப்டில் இறக்கி,
சீற்றில் வைத்துப் பட்டி போட்டு,
காவலாளிக்குக்கூடக் கேட்காமல்
கேற்றைத் தாண்டிவிட்டால்
பாதித் தூரம் நித்திரையிலேயே போகும்.
ஹபரணையில் எங்களை
யாராவது மறித்தால்
அது யானையாகத்தான் இருக்கும்.

வலப்பக்கத்தை அவன் அடித்துவிடுகிறான்.
பிறகு யோசித்து, அடியில் சின்னதாக:
திரும்பி வர — பிளேன்?

தண்ணீர் பில் இன்னும் கட்டவில்லை.
நான் குசினிக்குள் போய்
பொலித்தீன் பை எண்ணுகிறேன்.
எட்டு.
எட்டுக் காணாது.