தாமதச் சீட்டு

ஸுல்மாவுக்கு எழுத்து வராது.
எண்ணும் வராது என்றுதான்
கோப்பில் போட்டிருந்தார்கள்.
நாற்பத்து மூன்று வயதில் முதல் வேலை:
மொண்டெவிடியோவில், மருத்துவமனைச் சலவையறையில்
விரிப்பு மடிப்பது.

மடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
நான்கு மூலையும் ஒன்றையொன்று தேடி வந்து
அவள் விரலிடுக்கில் அடங்கும்.
வீட்டிலிருந்து அங்கே போவதுதான்
பதினெட்டு நிறுத்தம்.

என் வேலை அந்தப் பதினெட்டு.

முதல் வாரம் பக்கத்து இருக்கை.
பேருந்து எண் அறுபத்தொன்பது என்றேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு,
"முன்னால் நிற்பவருக்குத் தொப்பை,
பின்னால் நிற்பவருக்குப் பெரிய தலை" என்றாள்.
தொண்ணூற்றாறு வந்தபோது
கையைக் கட்டிக்கொண்டாள்.
"இடம் மாறி நிற்கிறார்கள். ஏறக் கூடாது."
கோப்பில் அந்த வரியை அடித்தேன்.

இரண்டாம் வாரம் மூன்று இருக்கை பின்னால்.
ஜூலை மாதத்துக் குளிர்.
கரையோரச் சாலையின் காற்று
கதவு திறக்கும்போதெல்லாம்
டிக்கெட் எடுக்காமல் ஏறியது.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை,
அப்புறம் பெயின்ட் கடையின் மஞ்சள் சுவர்.
மஞ்சள் தெரிந்ததும் மணியை அழுத்து.
அவ்வளவுதான் பாடம்.
அவள் பின்னந்தலையையே படித்தபடி வந்தேன்:
மஞ்சளுக்குச் சற்று முன்பே
அந்தக் கழுத்து நிமிரும்.

மூன்றாம் வாரம் நான் அடுத்த பேருந்தில்.
எங்கள் தொழிலில் இதற்கு விலகல் என்று பெயர்.
சொல்லச் சுலபம்.
விலகியவளுக்குத்தான் கை உதறும்.

வியாழக்கிழமை
பெயின்ட் கடைக்காரர் சுவருக்குச்
சாம்பல் நிறம் அடித்திருந்தார்.
அவர் சுவர், அவர் பெயின்ட்.
யாரிடம் போய்ச் சண்டை போடுவது?
இறங்கி ஓடினேன்.
சலவையறையில் அவள் இல்லை.
மேற்பார்வையாளர் ஒமார் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
அவள் அண்ணனின் எண்ணை எடுத்து
அழுத்தாமல் நின்றேன்.
அழுத்தினால் நாளை முதல் அவள் வீட்டில்தான்.
அழுத்தாமல் இருப்பது சரிதானா,
இன்றுவரை தெரியாது.

ஐம்பத்திரண்டு நிமிடம்.

வந்தாள். குல்லா கோணலாக,
மேலங்கியில் மாத்தே இலையின் பச்சைத் துணுக்கு.
கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறாள்.
வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர்
மாத்தே குடிக்கும் பத்து நிமிடமும்
படியில் உட்கார்ந்து பங்கு வாங்கியிருக்கிறாள்.
"கசப்பு. சர்க்கரை போடத் தெரியாத மனிதர்."
திரும்பும் வழியில் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.
முந்தின நிறுத்தத்தில் கதவு திறந்தபோது
சோப்பு வாசம் வந்ததாம்.
மணியை அழுத்தினாளாம்.

அந்தத் தடத்தில் எத்தனை முறை போயிருப்பேன்.
எனக்கு ஒருநாளும் அந்த வாசம் அடித்ததில்லை.

ஒமார் ஒரு சொல்லும் பேசாமல்
இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.
தாமதம். முதல் எச்சரிக்கை. அரைமணிக் கூலி பிடித்தம்.
எனக்கு வாய்வரை வந்தது,
இவள் நிலைமையைக் கொஞ்சம்...
விழுங்கினேன்.
பக்கத்து மேசை நீல்டாவுக்கும் அன்று
அதே நிறத்தில் ஒன்று கிடைத்திருந்தது.
விரிப்பின் இரு முனையையும் பிடித்தபடி
இருவரும் சேர்ந்து ஒமாரைத் திட்டினார்கள்.

என் படிவத்தில் ஒரு கேள்வி:
பயிற்சித் தடத்தைப் பின்பற்றினாரா?
இல்லை என்று எழுதினேன்.
குறிப்புக்கு ஒரே ஒரு வரிதான்
இடம் விட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டு ஃப்ரிட்ஜில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தது அந்தச் சீட்டு,
போய்ச் சேர்ந்த அம்மாவின் படத்துக்கும்
கரண்ட் பில்லுக்கும் நடுவில்.
"எச்சரிக்கையை யாராவது மாட்டி வைப்பார்களா?"
அண்ணன் எல்பியோ தலையில் அடித்துக்கொண்டார்.
அவருக்கு அவள் பதில் சொல்லவில்லை.
என் பக்கம் திரும்பி,
"திங்கட்கிழமை நீ வராதே" என்றாள்.
"உன் பேருந்து எப்போதும்
எனக்குப் பிந்தித்தான் வருகிறது."