மீட்டர் கணக்கு

ஐந்தடிப் பாதை என்றுதான் பெயர்.
ஐந்தடி எங்கும் இல்லை.
கடைக்குக் கடை ஒரு மட்டம்:
ஏறு, இறங்கு, மோட்டாரைச் சுற்று,
ஊதுவத்திச் சாம்பலைத் தாண்டு.
மன்னர் ஜார்ஜின் பெயர் வைத்த நகரத்துக்கு
என் முழங்கால்தான் இன்னும் வரி கட்டுகிறது.

தோளில் பை, கையில் கருவி.
கதவோரம் குனிந்து மூடியைத் தூக்கினால்
பல்லி ஓடும்.
கண்ணாடியைத் துடைத்தால் எண் தெரியும்.
தெருவின் முகத்தை
சுவரோவியத்தின் முன் நின்று
படம் எடுக்கிறவர்கள் பார்க்கட்டும்.
எனக்குத் தெரிந்தது அதன் தாகம்.

பதினேழு, தங்கும் விடுதி: இருநூற்றுப் பத்து.
வந்தவர்களெல்லாம் பினாங்கு வெயிலைக்
கழுவிவிட்டுப் போகிறார்கள்.
பத்தொன்பது, கோப்பிக் கடை: அறுபத்தெட்டு.
இருபத்தொன்று, குலச் சங்கம்:
சாமிக்குத் தேநீர் வைக்கிற அளவு, ஒன்று.
இருபத்து மூன்று, ஊய் பூன் தெக்.
நான்கு வருடமாக மூன்று.
ஒருவர் குளிக்க, ஒரு பிடி அரிசி களைய,
தொட்டியில் ஒரு துளசிக்கு.
துளசி எப்படி வந்தது என்று
நான் கேட்டதில்லை.

இந்த மாதம் ஏழு.

கசிவு இருக்கலாம், பார்க்கட்டுமா என்றேன்.
குழாய் ஈரமில்லை. கிழவர் காது மட்டும் சிவந்தது.
மேல்மாடியில் யாரோ துணி அலசும் சத்தம்,
நடுவே ஒரு பெண்ணின் இருமல்.
தண்ணீர் காட்டிக் கொடுத்துவிட்டது.
"தூலிஸ் லா," என்றார், "துஜோ."
ஏழு என்று எழுதினேன்.
கூட்டி எழுத முடிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

தெரு முடிந்து பிராங்கின் கால்வாய்.
மூக்கைப் பொத்தி ஓடிக் கடந்த இடத்தில்
இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.
உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன்.
பழக்கதோஷம், நீரைக் குனிந்து பார்த்தேன்.
மூடி இல்லை, கண்ணாடி இல்லை,
ஒரு எண்கூட இல்லை.
பச்சையாய், அவசரமில்லாமல் போனது.

ஜெலுத்தோங்கில் நாலாம் மாடி, என் வீடு.
பன்னிரண்டாக இருந்தது
போன ஆடியிலிருந்து நான்கு.
ஏறினால் கசிவா என்று கேட்க ஆள் உண்டு.
நானே கேட்டிருக்கிறேன், எத்தனை வாசலில்.
இறங்கினால்
யாரும் கதவைத் தட்டுவதில்லை.

உடும்பு ஒன்று குறுக்கே நீந்தி
அக்கரைக் கல்லில் ஏறியது.
தலையைத் தூக்கி எதையோ பார்த்தது,
என்னை அல்ல.
ரொட்டியில் பாதியைப் பையில் வைத்தேன்.
கருவி கூவியது:
மிச்சம் முப்பத்தாறு வீடு.